திருப்பிக் கொடுக்காத லைன் கிளியர்

ஓய்வு பெற்றவனுக்குப் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கூட வேலை பார்த்த யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பீரோ சாவி காணாமல் போயிருக்க வேண்டும். போன மாதம் தினேஷ் கூப்பிட்டபோது, எதற்கும் இருக்கட்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டே எடுத்தேன்.

தினேஷ் இப்போது எங்கள் கரண்ட் ஆபீஸில் போர்மேன். அதாவது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அதன் பின்கால் ஒன்று ஆடும் என்பதைச் சொல்லாமல் வந்தது என் பணிக்காலத்தின் கடைசிக் குறும்பு.

"அண்ணா, பழைய எல்.சி. புக்கைப் புரட்டினன். உங்க பேர்ல ஒண்ணு திறந்தே கெடக்குது. எட்டு வருஷமா."

"கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்னா? மறந்துட்டீங்களா?"

"இல்ல."

 தினேஷ் விஷயத்துக்கு வந்தான். ஏரிக்கரை ஊரில் அணைந்து கிடக்கும் உயரக் கம்பத்து ஹைமாஸ் விளக்கை மறுபடி எரிய விட வேண்டும் என்று, அதை வாங்கிக் கொடுத்த பெரியவர் வந்து நிற்கிறார். ஊர்க்காரர்களோ எரியவே கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள்.

"முப்பது வருஷமா லைட்டு வேணும்னு மறியல் பண்ண ஜனங்கண்ணா. இப்ப வேணாம்னு மறியல் பண்ணுவாங்களாம். இதுக்கு எந்த ஃபாரம்னே தெரியல. நீங்க எல்.சி.யைத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா நான் சுவிட்சைப் போட்டுட்டு ஒதுங்கிடுவன்."

"வந்து சொல்றன்" என்றேன். நேரில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால் எழுதவே தொடங்கிவிட்டேன். இது என் சுபாவம். கம்பத்தின் அடியில் லைனுக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் புத்தகம் படித்தே கெட்டுப்போனவன் நான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வல்லம் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஐ.டி.ஐ.க்குப் போனேன். அங்கிருந்து வேலைக்கு வந்தேன். முதல் வருஷம் ஏணியைத் தூக்கினேன், அடுத்த வருஷம் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், மூன்றாம் வருஷம் ஏறச் சொன்னார்கள். உயரம் எனக்குப் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் நைனாவிடம் சொன்னேன். "கரண்டுக்கு பயந்தா பரவால்ல, அது நல்லது. உயரத்துக்கு பயந்தா கீழ பாக்காத" என்றார். முப்பத்து நாலு வருஷம் கீழே பார்க்காமலே ஓட்டிவிட்டேன். இதைத்தான் வழியனுப்பு விழாவில் "என்றும் உயர்ந்த நோக்கு உடையவர்" என்று பாராட்டினார்கள்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். லைனில் ஏறி வேலை செய்யப் போகிறவன் முதலில் சப்ஸ்டேஷனுக்குப் பேச வேண்டும். பேர், எந்த லைன், என்ன வேலை, எத்தனை ஆள். அங்கிருக்கும் ஆபரேட்டர் அதைப் புத்தகத்தில் எழுதி, நேரம் போட்டு, சுவிட்சை இறக்கிப் பூட்டி, "ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்ச் போடாதே" என்ற சிவப்புப் பலகையை அதில் மாட்டுவார். பிறகு ஒரு நம்பர் சொல்வார். அதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறமும் லைனை நம்பக் கூடாது. எர்த் ராடு என்று ஒன்று இருக்கிறது. நீளக் கழி, முனையில் கொக்கி, கொக்கியிலிருந்து மண்ணுக்குப் போகும் ஒரு செப்புக் கம்பி. அதை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று மாட்டிவிட்டு, நடுவில் நாம் ஏற வேண்டும். முடிந்ததும் எல்லாம் தலைகீழ். ஆளை எண்ணு, கருவியை எண்ணு, ராடை எடு, போன் செய், நம்பரைச் சொல்.

இதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் மேல். எல்.சி. எடுத்தவன் எவனோ அவனேதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் மாமனாரோ மந்திரியோ வந்து கேட்டாலும் செல்லாது.

இந்த விதியால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம். மழை விட்ட சாயங்காலம். நான் கம்பத்தின் மேலே பீங்கான் இன்சுலேட்டர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கீழே இருந்த கூட்டாளிக்குச் செஞ்சி போகும் கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மேலே பார்த்தான், என் கை நின்றிருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து, எனக்கு உதவி செய்வதாக, ராடுகளை எடுத்துவிட்டுப் பக்கத்து மோட்டார் கொட்டகை போனிலிருந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான். உண்மையில் நான் கையை நிறுத்தியது, ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று யோசிப்பதற்காக. அது என் வாயில் இருந்தது.

ஆபரேட்டர் ஒரு சிடுமூஞ்சி. "எல்.சி. எடுத்தவன் கொரல் இது இல்ல. அவனை வரச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார். நல்ல குணமுள்ள ஆபரேட்டராக இருந்திருந்தால் நான் அன்றைக்கே போயிருப்பேன்.

மறுநாள் ஏ.இ. பத்மநாபன் சார் முன்னால் நின்றோம். அப்போது அவர் புதிதாக வந்த இளம் இஞ்சினியர். பிறகு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மறுபடி எங்களிடமே வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு பழக்கம். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், பேசப்படும் பொருளைப் பார்ப்பார். பியூஸ் போனதென்றால் பியூஸைப் பார்ப்பார். எல்லோரையும் வாங்க போங்க என்பார். கோபம் வந்தால் குரல் தணியும். ரொம்பக் கோபம் என்றால் ஆபீஸே முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். நாம் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எதை வெச்சு சொல்றீங்க?" மழை வருது சார் என்று சொன்னவனிடமும் அதைக் கேட்டார். அவன் நனைந்த சட்டையைக் காட்டினான். ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு அவர் பார்த்தது என் ஸ்பேனரை. "வேலை முடிஞ்சிடுச்சுன்னு எதை வெச்சு சொன்னீங்க?" என்று கூட்டாளியிடம் கேட்டார். குரல் கேட்கவே இல்லை. உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டோம்.

இனி ஏரிக்கரை ஊருக்கு வருகிறேன். பனமலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நட்சத்திரம் பார்க்க வேன் வைத்துக்கொண்டு வந்து, ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கி நிற்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன், செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், காலமான தன் அப்பா நினைவாக அந்த ஊர்க் கூட்டுரோட்டில் ஹைமாஸ் விளக்கு வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் சொந்த ஊர் அது. பன்னிரண்டு மீட்டர் கம்பம், தலையில் ஆறு விளக்கு, அடியில் அப்பா பேர். இணைப்புக் கொடுக்கப் போனவன் நான். போனவன் சும்மா வந்திருக்கலாம். ஊர் மெச்சட்டும் என்று, இரண்டு விளக்கை வயல் பக்கமாகச் சாய்த்து, ஏரிக்கரை வரைக்கும் வெளிச்சம் அடிக்க வைத்தேன். கைதட்டினார்கள். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை.

எனக்கு மட்டுமில்லை, நெல்லுக்கும் தூக்கம் வரவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் அஞ்சலை.

கூட்டுரோட்டை ஒட்டி ஒன்றரைக் காணி வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு விதைநெல் அவர் வீட்டிலிருந்துதான் போகும். பழைய சம்பா வகை. அந்த ஊர் மண்ணைத் தவிர வேறெங்கும் நிற்காது என்பார்கள். ஆடியில் நட்டாலும் ஆவணியில் நட்டாலும், கார்த்திகையில் இரவு நீள ஆரம்பித்த பிறகுதான் கதிர் விடும். விளக்கு வந்த முதல் வருஷம் தையில் வயல் பழுத்தபோது, நடுவே ஒரு பெரிய அரைவட்டம் மட்டும் பச்சையாக நின்றது. ஒரு கதிர் இல்லை. உரம் என்றார்கள், பூச்சி என்றார்கள், கண்ணேறு என்று பூசணிக்காய்கூட உடைத்தார்கள். அஞ்சலை அந்த அரைவட்டத்தின் ஓரத்திலேயே நடந்து பார்த்தார். ராத்திரி வந்து அதே ஓரத்தில் மறுபடி நடந்தார். விளக்கு வெளிச்சம் எங்கே முடிகிறதோ, பச்சையும் அங்கேதான் முடிந்தது.

அடுத்த ஐப்பசியில் ஆபீஸுக்கு வந்து புகார் கொடுத்தார். எங்கள் புகார் நோட்டில் தெருவிளக்குக்கு ஒரே ஒரு பத்திதான் உண்டு. அதன் தலைப்பு "எரியவில்லை". எரிகிறது என்று ஒருவர் புகார் கொடுப்பார் என்பது நோட்டு அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை. கிளார்க் அந்தப் பத்தியில் ஊர் பேரை எழுதினார். நான் அதைப் பார்த்தேன். பழக்க தோஷம். வண்டியை எடுத்துக்கொண்டு போய், மங்கிக் கிடந்த இரண்டு விளக்கைக் கழற்றி, ஸ்டோரில் இருந்ததிலேயே பிரகாசமானதாகப் பார்த்து மாட்டிவிட்டு, "சரி செய்யப்பட்டது" என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக நான் எதையும் கெடுத்ததில்லை.

மூன்றாம் நாள் அஞ்சலை நேராக ஏ.இ. ரூமுக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். கையில் இரண்டு கற்றை வைக்கோல். மேசையில் வைத்தார். ஒன்று நெல்லோடு, மற்றது மொட்டையாக.

"இது வெளக்குக்கு அந்தாண்ட. இது வெளக்குக்கு இந்தாண்ட. போன வருஷத்துது, எடுத்து வெச்சிருந்தன். வெளக்கால தூங்கல, நிறுத்துங்கன்னு எழுதிக் குடுத்தா, உங்க ஆளு வந்து இன்னும் ரெண்டு சூரியனை மாட்டிட்டுப் போறாரு."

"நெல்லுக்கும் லைட்டுக்கும் இன்னாம்மா சம்பந்தம்" என்றேன் நான்.

"உன்னைத் தலைக்கு மேல லைட்டப் போட்டு தூங்கச் சொன்னா தூங்குவியா?"

"நான் டியூட்டியில தூங்குறவன்மா, எனக்கு…"

ஏ.இ. எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தாளை விரலால் உருவினார். "இந்த வருஷமும் இதே மாதிரி ஆனா?"

"இப்ப வயலு பூரா வெளிச்சம். இந்த வருஷம் பூராவும் போச்சுன்னா வெதைக்கு மிஞ்சாது சார். இருக்கறது பழசு, மூணாம் வருஷம் மொளைக்காது. அதோட அந்த நெல்லு எங்க ஊர்ல இல்ல."

மறுநாள் சாயங்காலம் ஜீப்பில் வந்தார். விளக்கு எரிந்ததும் கம்பத்தடியிலிருந்து வரப்பில் அடியெண்ணி நடந்தார். கடைசி வரப்பில் நின்று அன்றைய பேப்பரைப் பிரித்தார். தலைப்பை இல்லை, விளம்பரத்தின் பொடி எழுத்தைப் படித்தார். மடித்து வைத்துவிட்டு, "நான் படிக்கிறேன். அது எப்படித் தூங்கும்?" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

அதற்குள் கூட்டம். டீக்கடை வேலு குரல் கொடுத்தான். "சார், லைட்ட நிறுத்துனா ஊரு சுடுகாடா ஆயிடும். யாவாரம் படுத்துடும்." அஞ்சலையின் மருமகளே மாமியாருக்கு எதிராக நின்றாள். திண்டிவனத்தில் வேலை. எட்டரை பஸ்ஸில் வந்து இறங்குகிறவள். "நெல்லு தூங்கட்டும் அத்தை, வேணாங்கல. நான் எறங்குற எடத்துல இருட்டுல எந்த நாய் நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

நியாயம்தான். வேலு கடையின் காலி எண்ணெய் டின்னை வாங்கி, ஒரு பக்கம் வெட்டி, பஸ் நிறுத்தத்து டியூப்லைட்டுக்குத் தொப்பி போல மாட்டினேன். வெளிச்சம் நேரே தரைக்கு மட்டும் விழுந்தது. நாயும் தெரியும், நெல்லுக்கும் போகாது. டின்னில் "சுத்தமான கடலை எண்ணெய்" என்ற எழுத்து தலைகீழாக இருந்தது. என் வாழ்க்கையின் ஒரே கண்டுபிடிப்பு அது.

ஹைமாஸை என்ன செய்வது? நல்ல நிலையில் எரிகிற விளக்கை அணைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஏ.இ. ஜீப்பிலிருந்து எல்.சி. புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். ஒற்றை விளக்குக் கம்பத்துக்கு எல்.சி. என்பது முடி வெட்ட மயக்க மருந்து கொடுப்பது மாதிரி. பானெட் மேல் வைத்து, பேனாவை உதறி எழுத ஆரம்பித்தார். எடுப்பவர் பேர், என் பேர். என்ன வேலை? "பயிர் வேலை." எத்தனை ஆள்?

பேனா நின்றது. "ஏம்மா, எத்தனை குத்து நெல்லு இருக்கும்?"

"அதை யாரு சார் எண்ணுனா?"

"எண்ண இயலவில்லை" என்று எழுதினார். "ஆளுங்க வேலை செய்யறப்போ கரண்ட் விடக் கூடாது. அவ்வளவுதான் ரூல்" என்று விளக்குக் கம்பத்திடம் சொன்னார். நான் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சிவப்புப் பலகையை மாட்டினேன்.

முதல் வாரம் வேலு என்னிடம் பேசவில்லை. இரண்டாம் வாரம் அவனே கூப்பிட்டு வடை கொடுத்தான். ஹைமாஸ் எரிந்தவரை வடைக்கு ஒரு பூச்சி உறுதியாம். இப்போது மாவுப் பாத்திரத்தை மூடவே வேண்டியதில்லையாம். மூன்றாம் வாரம் டீக்கடை பெஞ்சைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ரோட்டைப் பார்த்து இருந்தது இப்போது கிழக்கே பார்த்தது. பொழுது சாய்ந்ததும் ஏரிக்கு மேலே கார்த்திகை மீன் கூட்டம் ஏறும். அதில் ஆறு நட்சத்திரமா ஏழா என்று பந்தயம். தோற்றவன் டீ வாங்க வேண்டும். வேலுவுக்கு ஆறு, அஞ்சலைக்கு ஏழு. எனக்குக் கண்ணாடி போட்டும் ஒரு புகைதான் தெரிந்தது. ஆகவே தினமும் நான்தான் டீ வாங்கினேன்.

கார்த்திகை கடைசியில் வயல் முழுக்க ஒரே நாளில் சொன்னதுபோலக் கதிர் வந்தது. அரைவட்டம் இல்லை. அஞ்சலை ஒரு கதிரைக் கொண்டுவந்து ஏ.இ. மேசையில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். அதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது.

"எல்.சி.யை எப்ப ரிட்டர்ன் பண்றது சார்?" என்றேன்.

"வேலை முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"அடுத்த வருஷம் நெல்லு நடுவாங்களா?"

"நடுவாங்க."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று கட்டிங் பிளேயரைக் கேட்டார்கள், ஹெல்மெட்டைக் கேட்டார்கள். எல்.சி.யை யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஊர் எங்கேயோ போய்விட்டது. தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் டின் தொப்பி, மஞ்சள் பல்பு. கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்குப் பத்து மணி வரை அனுமதி. அம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் விலக்கு, அம்மனுக்கு யார் கட்டுப்பாடு போடுவது? ஏதோ காலேஜிலிருந்து இருட்டை அளக்கும் கருவியோடுகூட வந்தார்களாம். "நல்ல இருட்டு" என்று சர்டிபிகேட் கொடுத்ததாக வேலு சொன்னான்.

தினேஷ் கூப்பிட்ட அன்று சாயங்காலம் அங்கே போனேன். திருப்பிக் கொடுப்பவன் முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஜவுளிக்கடைப் பெரியவரும் வந்திருந்தார். கம்பத்தடியில் நின்று செல்போன் டார்ச்சில் அப்பா பேரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பலகை வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது.

"எங்க நைனா பேரு எட்டு வருஷமா இருட்டுல நிக்குதுப்பா" என்றார் என்னிடம். 

பதில் சொன்னது அஞ்சலை. "சாமி, கம்பத்தாண்ட யாரு நிக்கிறா? பேரை பஸ் ஸ்டாப்பு வெளக்காண்ட மாத்துங்க. அங்கதான் என் மருமவ தெனம் நிக்கிறா, ஊரே நிக்குது. தெனம் படிப்பாங்க."

 பெரியவர் டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முதலில் வரப்பு, அப்புறம் ஏரி, அப்புறம் மேலே. வேலு டீயை நீட்டி, "ஆறா, ஏழா? சொல்லுங்க" என்றான்.

பெரியவர் தலையைப் பின்னால் சாய்த்து வெகுநேரம் எண்ணினார். "ஏழு" என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "எங்க நைனாவும் ஏழுன்னுதான் சொல்லுவாரு. கடைய வெச்சப்புறம் நான் மேல பாக்கவே இல்ல" என்றார்.

நான் வரப்பில் இறங்கினேன். "கதிர் வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல. கதிரு உள்ளதான் இருக்குது, இப்பதான் பொதி கட்டுது."

தினேஷுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணா. ரிட்டர்ன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாத. ஆளுங்க இன்னும் வேலையில இருக்காங்க. கீழயும் இருக்காங்க, மேலயும் இருக்காங்க."

"மேலயா? எத்தினி பேருண்ணா?"

உயரத்துக்குப் பயந்தவன் நான். இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"எண்ண இயலவில்லைன்னு போட்டுக்கோ" என்றேன்.